ஓட்டுக் கேட்ட சாராம்மா

கே. எஸ். சேதுமாதவனை நம்மில் பலர் ‘மறுபக்கம்’ எடுத்தவராகவே அறிவோம். அவர் 1966ல் மலையாளத்தில் ‘ஸ்தானார்த்தி சாராம்மா’ என்றொரு ஹாஸ்யப் படம் எடுத்திருக்கிறார். ஷீலா, பிரேம் நசீர், அடூர் பாஸி. பஞ்சாயத்துத் தேர்தலில் ஒரு பெண் நிற்கிறாள்; ஊர் அமளிப்படுகிறது. காதலும் பாட்டும் வியாபார சினிமாவின் வாடிக்கைச் சரக்குதான்.

ஆனால் பாஸி பாடும் தேர்தல் பாட்டை மட்டும் ஒதுக்கிவிட முடியாது. அதில் குருவிப் பெட்டி, புலிப் பெட்டி என்று வருகிறது. முதல் இரண்டு பொதுத்தேர்தல்களில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி. சீட்டை எந்தப் பெட்டியில் போடுகிறோமோ அவருக்கு ஓட்டு. 1962க்குள் முத்திரை குத்தும் சீட்டு வந்து பெட்டிகள் போய்விட்டன. பாட்டில் தங்கிவிட்டன.

அன்றைய சட்ட மூளை பெண்ணை வேட்பாளராக எண்ணவில்லை. பல்வந்த்ராய் மேத்தா கமிட்டி 1957ல் சிபாரிசு செய்தது, இரண்டு பெண்களைப் பஞ்சாயத்து தானே சேர்த்துக்கொள்ளலாம் என்று. அழைத்து உட்காரவைப்பது. சாராம்மாவோ தானே கேட்கிறாள்.

சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது என்பது என் கட்சி. பெண் ஆள்வது நமக்கு ஒருபோதும் ஹாஸ்யமாக இருந்ததில்லை. எங்கள் திருப்புல்லாணி சேதுபதி சீமை. 1803ல் கும்பினி அதை ஜமீனாக்கியபோது சன்னது ராணி மங்களேஸ்வரி நாச்சியார் பெயரில்தான் எழுதப்பட்டது. யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை. ரத்தத்தால் வந்த ஸ்தானம். தெருவில் இறங்கிக் கேட்டதல்ல. கேட்பது இழிவென்றால், கடலரசனிடம் வழி கேட்டுப் புல்லில் கிடந்த ராமனையல்லவா நாங்கள் தர்ப்ப சயனத்தில் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம்! அது ஆணுக்கு மட்டும் உள்ள சலுகை போலும்.

1994ல் தமிழ்நாடு ஊராட்சிச் சட்டம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கியது. 1996 அக்டோபரில் தேர்தல். எங்கள் பக்கத்துச் சுவர்களில் வேட்பாளர் பெயருக்கு மேல் கணவர் பெயர், பெரிய எழுத்தில். கும்பிட்டு ஓட்டுக் கேட்டு நடந்தவரும் அவரே. சில இடங்களில் அவளே நடந்தாள். டீக்கடையில் அதற்கு மட்டும் சிரிப்பு எழுந்தது. கணவர் நாற்காலியில் உட்கார்ந்ததற்கு யாரும் சிரிக்கவில்லை. 2016ல் பங்கு பாதியாயிற்று. 2019 டிசம்பரில் தேர்தல் வந்தபோது சுவர்கள் பிளெக்ஸாகியிருந்தன. கணவர் படம் சற்றுச் சிறுத்திருந்தது, அவ்வளவே.

இந்த ஹாஸ்யத்தைத் தமிழ் சினிமா தொட்டதாக எனக்கு நினைவில்லை. இந்தியில் 2020ல் ‘பஞ்சாயத்’ என்ற தொடர் தொட்டது. நீனா குப்தா நடித்த மஞ்சு தேவி ஊர்த் தலைவி. காரியம் பார்ப்பது கணவர். அவளுக்கு அடுப்படி விட்டு வரும் அவசியமே இல்லை, யாரிடமும் எதையும் கேட்கவேண்டியதும் இல்லை. முதல் பருவத்தின் கடைசியில், குடியரசு தினத்தன்று கொடியை அவள்தான் ஏற்றியாக வேண்டுமென்று ஆகிவிடுகிறது. தேசிய கீதத்தை உட்கார்ந்து மனப்பாடம் செய்கிறாள்.