மாயாவிக்கும் அறுபது

திருக்கடையூர் அமிர்தகடேஸ்வரர் கோயிலில் 2022-ஆம் ஆண்டு அறுபதாம் கல்யாணம் செய்துகொண்டவர்கள் 1962-இல் பிறந்தவர்கள். அவர்களுக்கு ஏறக்குறையப் பத்து வயதிருக்கும்போது, 1972 ஜனவரியில், சிவகாசியிலிருந்து ஒரு படக்கதைப் புத்தகம் வந்தது. முத்து காமிக்ஸின் முதல் இதழ், ‘இரும்புக்கை மாயாவி’. அந்த மாயாவியும் அவர்களோடு பிறந்தவன்தான். லண்டனில் ‘வேலியன்ட்’ என்ற வாரப் பத்திரிகையின் முதல் இதழில், 1962 அக்டோபரில், அவன் தலைகாட்டினான். வாசகருக்கு அறுபது நிறைந்த ஆண்டில் நாயகனுக்கும் அறுபது, இதழுக்கு ஐம்பது. திருக்கடையூரோ, மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனையே உதைத்துத் தள்ளிய தலம். என்றும் பதினாறாக நிற்கும் ஒருவனைப் பற்றி எழுத இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது.

முத்து காமிக்ஸைத் தொடங்கியவர் சிவகாசியைச் சேர்ந்த மு. சௌந்தரபாண்டியன். தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள், காலண்டர் என்று நாடு முழுவதற்கும் அச்சடித்துக்கொண்டிருந்த ஊர் சிவகாசி. அச்சு இயந்திரம், தொழிலாளி, காகிதம் எல்லாம் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. கதை மட்டும் வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது. ஃப்ளீட்வே நிறுவனத்தின் பிரிட்டிஷ் கதைகளை முறைப்படி உரிமை வாங்கித் தமிழில் போட்டார்கள். தொடக்க கால இதழ்களுக்குத் தமிழ் நடை தந்தவர்களில் முல்லை தங்கராசனை மறக்கக் கூடாது. நம் மாயாவி ஆங்கிலத்தில் லூயி கிராண்டேல் என்ற ஆய்வக உதவியாளன். விபத்தில் வலது கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும். எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். ஸ்பெயின் ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ அந்தக் கையை வரைந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். ஆளில்லாத அறை, பாதி திறந்த கதவு, அடர்ந்த கறுப்பு நிழல், கதவுப் பிடியைப் பற்றும் ஐந்து உலோக விரல்கள். வண்ணமே தேவைப்படாத ஓவியம். மட்டமான தாளில் அச்சானபோதும் அதன் பயம் குறையவில்லை.

1984 ஜூலையில் ஒரே மாதத்தில் இரண்டு இதழ்கள் பிறந்தன. ஒன்று, தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ். ஜேம்ஸ் பாண்டின் ‘அழகியைத் தேடி’ அதன் முதல் கதை, விலை 1.50 ரூபாய். மற்றொன்று லயன் காமிக்ஸ். சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் பதினேழு வயதில் தொடங்கியது. ‘கத்தி முனையில் மாடஸ்டி’யோடு வந்த லயன் முதல் சில மாதங்கள் தள்ளாடியது. அதைத் தூக்கி நிறுத்தியவன் ஸ்பைடர், குற்றச் சக்கரவர்த்தி ஆகத் துடித்த வில்லன். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்தான் அந்த ஸ்பைடர் கதைகள் பலவற்றையும் எழுதியவர். இது தெரியாமலே தமிழ்ப் பிள்ளைகள் அவற்றைத் தின்று தீர்த்தார்கள்.

இத்தனையும் இன்று எப்படித் தெரிகிறது? இங்கேதான் நான் சொல்ல வந்த இன்னொரு பிறப்பு இருக்கிறது. லயன் காமிக்ஸின் பக்கங்களிலேயே ‘சிங்கத்தின் சிறுவயதில்’ என்ற தொடரை விஜயன் எழுதினார். முதல் இதழ் விற்காத கவலை, கதை உரிமைக்கு அலைந்தது, எந்த நாயகன் எடுபட்டான், எவன் படுத்துவிட்டான் என்று ஓர் இதழ் தன் பிள்ளைப்பருவத்தைத் தன் வாசகருக்கே சொன்ன தொடர் அது. தமிழில் காமிக்ஸ் வரலாறு என்ற துறை கல்லூரியில் பிறக்கவில்லை. அந்தப் பக்கங்களில்தான் பிறந்தது என்று உறுதியாகச் சொல்வேன். அது பிறந்ததற்கு வாசகர்தான் காரணம். பத்து இருபது இதழ்களைச் சேர்த்து பைண்டு செய்து டிரங்குப் பெட்டியில் வைத்தவர்கள், எண் விடுபட்டால் பழைய புத்தகக் கடை ஏறி இறங்கியவர்கள், மறுபதிப்பு கேட்டுக் கடிதம் மேல் கடிதம் போட்டவர்கள். கேட்க ஆள் இருந்ததால்தான் கதை சொல்லப்பட்டது.

‘வேலியன்ட்’ 1976-இல் நின்றுபோனது. இங்கிலாந்தில் மாயாவியின் பழைய கதைகள் நல்ல தொகுப்பாகத் திரும்பி வர 2005 ஆயிற்று. தமிழில் அவன் அத்தனை காலம் மறைந்திருக்கவே இல்லை. மறுபதிப்பு மறுபதிப்பாக வந்துகொண்டிருந்தான். பத்து ரூபாய்க் கறுப்பு வெள்ளை இதழாக இருந்த லயன், 2012-இல் புது வேகத்தோடு மீண்டும் வந்தபோது ஆர்ட் பேப்பரும் வண்ணமுமாக நூறு ரூபாய்க்கு ஏறியது. வாங்கியவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். பெட்டிக்கடைக் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கிய புத்தகம், புத்தகக் காட்சி அரங்குக்கும் சந்தா தபாலுக்கும் இடம் மாறியது. இழப்பும் உண்டு. மாயவரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும் பத்து வயதுப் பையன் கண்ணில் அது இனி தற்செயலாகப் படாது.

ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றுவிட்டது. முகமூடி வீரர் மாயாவி என்ற வேறொரு நாயகனை டெல்டா கிராமங்கள் வரை கொண்டுபோன இதழ் அது. லயனைப் போல, தன் சிறுவயதைத் தன் பக்கத்திலேயே சொல்லிக்கொள்ள அதற்கு இப்போது பக்கம் இல்லை. அதை மொழிபெயர்த்தவர்கள், பலூனுக்குள் எழுத்து எழுதியவர்கள், கட்டுக் கட்டாக ஊருக்கு இறக்கிய ஏஜென்டுகள், இவர்களில் பலர் இன்னும் நம்மிடையே இருப்பார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டிய வேலை அந்த 1.50 ரூபாய் வாசகர்களுடையது.