எண்ணெய் ஊறாத பாறை

ஒசூர் அருகிலுள்ள கெலமங்கலத்தின் நிலத்தடியில் கிடப்பது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழமையுடைய கடினப் பாறையாதலால், கடலடிப் படிவுகளில் புதைந்த நுண்ணுயிர்களின் எச்சம் வெந்து உருவாகும் கச்சா எண்ணெய்க்கு அங்கே இடமே இல்லை. உள்நாட்டு எண்ணெயா, உழவா என்ற வழக்கு காவிரிப் படுகைக்கு உரியது. அது 2017இல் நெடுவாசலில் போராட்டமாக வெடித்து, 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய சட்டத்தில் வந்து நின்றது.

ஒசூர் வட்டாரம் எண்ணெயை அறிந்தது விலையின் வழியாகத்தான். 1973இன் நெருக்கடியில் உலகச் சந்தை விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்கானபின், சிக்கனமான வண்டிக்கு நாடெங்கும் தேவை எழுந்த காலத்தில், 1980இல் ஒசூரிலிருந்து டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்தது. பெட்ரோலோடு உயவெண்ணெயையும் கலந்து எரிக்கும் இரு வீச்சு எஞ்சின் அதனுடையது. பால் கேனும் தக்காளிக் கூடையும் சுமந்து நீலப்புகை கக்கிச் சென்ற அவ்வண்டியே இவ்வட்டாரப் பொருளாதாரத்தின் உண்மையான அச்சாணி எனலாம்.

பெட்ரோலும் டீசலும் சரக்கு சேவை வரிக்கு வெளியே நிற்பதாலும், ஒவ்வொரு மாநிலமும் தனக்கென மதிப்புக் கூட்டு வரி விதிப்பதாலும், தமிழ்நாட்டு எல்லையிலுள்ள ஜூஜுவாடியில் ஒரு விலையும் எல்லை தாண்டிய கர்நாடகத்தின் அத்திப்பள்ளியில் வேறொரு விலையும் நிலவுகின்றன. லாரி ஓட்டுநர்கள் இக்கணக்கை அறியாதவர்கள் அல்லர்.

எண்ணெயே வேண்டாத வண்டிகளும் இவ்வட்டாரத்துக்கு வந்துவிட்டன: 2021இல் ஒசூரில் ஏத்தர் நிறுவனமும் போச்சம்பள்ளியில் ஓலா நிறுவனமும் மின் ஸ்கூட்டர் ஆலைகளைத் தொடங்கின. அவ்வண்டிகள் குடிக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு, நாட்டளவில் பார்த்தால், இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது.