சம ஆசனமும் வரலாற்றுப் பாடமும்

துறைமுகத்தையும் எண்ணெய்க் குதங்களையும் விமானத் தளத்தையும் நாடிப் பல ஊர் மக்கள் வந்து குடியேறிய இடம் சீனன்குடா. அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள், பக்கத்தில் இருப்பவன் எச்சாதியான் என்று கேளாமலே ஒரே வாங்கில் அமர்ந்து படிக்கின்றனர். இவ்வாறு அமர்வதன் பொருட்டு ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தில் பாடசாலைகள் தீக்கிரையாயின என்று ஆசிரியர் கூறினால், அது அவர்களுக்குப் பழங்கதையாகவே தோன்றும். அதனைக் கதையாக விட்டுவிடாது வரலாறாகக் கற்பிப்பது எவ்வாறு?

நடந்ததைச் சுருங்கச் சொல்லலாம். அக்காலத்துப் பாடசாலைகளுட் பல, மிசன்களின் முகாமையிலும் சைவ அமைப்புகளின் முகாமையிலும் அரசாங்க நன்கொடை பெற்று நடந்தன. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட இடங்களிலும் அவர்களுக்கு வாங்கு கிடைப்பது அரிது. நிலத்திலோ வகுப்புக்குப் புறத்தேயோ இருந்து கற்றனர். நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளித்தல் வேண்டும் என்று 1929-30ஆம் ஆண்டுகளிற் கல்விப் பகுதி பணித்தது. அப்பணிப்பை நீக்குமாறு உயர்சாதியினர் எனப்பட்டோர் விண்ணப்பித்தனர். சம ஆசனம் வழங்கிய பாடசாலைகள் சில எரிக்கப்பட்டன.

பரீட்சைக்கு இவ்வளவு போதும், வரலாற்றுக்குப் போதாது. கட்டளை பிறந்தது, எதிர்ப்பு எழுந்தது, ஈற்றில் நீதி வென்றது என்று முடித்துவிட்டால் அரசாங்கம் ஒன்றே கதாநாயகன் ஆகிவிடுகிறது. உண்மை அதுவன்று. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற இயக்கம், ஹண்டி பேரின்பநாயகம் போன்றோரின் முயற்சியால் தீண்டாமையை எதிர்த்து வந்தது. 1927இல் அவ்வியக்கத்தின் அழைப்பை ஏற்று மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்தார். ஆகவே, ஊரினுள்ளேயே ஊர் வழக்கை எதிர்த்த குரல் இருந்தது.

எதிர்த்தோரின் மனத்தையும் மாணவன் அறிதல் வேண்டும். அவர்கள் அப்பணிப்பை, ஆசாரத்தில் அரசாங்கம் தலையிடும் செயலாகக் கொண்டனர். டொனமூர் ஆணைக்குழுவின் வரவை அடுத்து, 1931இல் வயது வந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை வந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெருந்தலைவரே அதனை எதிர்த்தார். வாங்கும் வாக்கும் ஏறக்குறைய ஒரே காலத்திற் பொதுவாயின என்பதை உணர்ந்தால், அந்த அச்சத்தின் வேர் தெரியும். வேரை அறிதல் வேறு, அதனை நியாயப்படுத்துதல் வேறு. பல நோக்குகளையும் கேட்கவேண்டும் என்பதற்கு, எல்லா நோக்குகளையும் ஒரே தராசில் வைக்கவேண்டும் என்பது பொருளன்று.

இங்கு ஓர் இடர் உண்டு. விண்ணப்பம் எழுதியவர்களுக்கு எழுத்து இருந்தது. அவர்கள் வாதம் ஏட்டில் நிலைத்தது. நிலத்தில் இருந்த பிள்ளை விண்ணப்பம் எழுதவில்லை. அப்பிள்ளையை எழுத்தினின்றும் விலக்கி வைத்ததே வழக்கின் பொருளாகும். கிடைக்கும் பத்திரங்களை மட்டும் வகுப்பில் வைத்தால் எரித்தவர் பக்கத்துக்கு நாவும் எரிந்தவர் பக்கத்துக்கு மௌனமுமே வாய்க்கும்.

அமெரிக்க நாட்டிலும் இதனைக் காணலாம். கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைத் தனித்தனிப் பாடசாலைகளில் வைப்பது சட்டத்துக்கு முரண் என்று 1954இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்த்தது. 1957இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவரைப் பாடசாலைக்குள் அழைத்துச் செல்லப் படையினர் வேண்டியிருந்தனர். வேர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் வட்டாரமோ, சேர்ந்திருத்தலிலும் மூடுதலே மேல் என்று 1959 முதல் 1964 வரை பொதுப் பாடசாலைகளை மூடி வைத்தது. பாடசாலைகள் ஒன்றாக்கப்பட்டபோது கறுப்பின ஆசிரியர் பல்லாயிரவர் தொழில் இழந்தனர். தீர்ப்பை மட்டும் படிப்பவனுக்கு இச்செய்தி எட்டுவதில்லை.

அதே 1957இல் இலங்கையில் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. சாதி காரணமாகப் பாடசாலைப் பிரவேசத்தைத் தடுத்தல் குற்றமாயிற்று. ஆயினும் அக்காலத்தில், அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபையைச் சேர்ந்த எம். சி. சுப்பிரமணியம் முதலியோர், ஒடுக்கப்பட்ட மக்கள் வாழும் ஊர்களில் அரசினர் பாடசாலைகளைத் திறப்பிக்கப் பாடுபட்டனர். சம ஆசனம் கேட்டவர்கள் தம் ஊரிலேயே பாடசாலை கேட்டது ஏன்? ஒரு வகுப்பு முழுவதும் விவாதிக்கத்தக்க வினா இது. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் நன்கொடைப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் வசமாயின. வாயிலில் நின்று பிள்ளையைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் பழைய முகாமையாளரை விட்டு நீங்கியது.

1930இல் நிலத்தில் இருந்து அரிச்சுவடி படித்த பிள்ளை இன்று உயிரோடிருப்பின் நூறு வயதை எட்டியிருக்கும். பழைய சேர்வு இடாப்புகளும் சம்பவத் திரட்டுப் புத்தகங்களும் உள்ள இடங்களில் அவற்றைப் பார்க்கலாம். மற்றவற்றை வீட்டு முதியோரின் வாய்மொழியாகவே பெறுதல் வேண்டும். ஆனால், கேட்டு வருமாறு பணிக்கும் ஆசிரியர், வகுப்பின் நடுவே ஒரு பிள்ளையை எழுப்பி, அவன் பாட்டன் வாங்கில் இருந்தவனா நிலத்தில் இருந்தவனா என்று வினவலாகாது. எழுதிக் கொணரும் தாளிற் பெயர் இடாதிருக்கும் உரிமை பிள்ளைக்கு இருத்தல் வேண்டும்.