நடமாடும் ஜெனரேட்டர்: ஓசையும் புகையும்

நடமாடும் ஜெனரேட்டர் என்பது மின்கம்பி எட்டாத இடத்துக்கு எடுத்துச் சென்று இயக்கத்தக்க மின்னாக்கி ஆகும். ஊர்வலம், திருவிழா, படப்பிடிப்பு, கேரவன் ஆகியவற்றில் இது பயன்படுகிறது. இதன் வரலாறு பெரும்பாலும் இரைச்சலைக் குறைக்க முயன்ற வரலாறே.

தொலைவில் நின்ற எஞ்சின்

மின்வசதியற்ற ஊர்களில் டூரிங் டாக்கீஸ்கள் ஆயில் எஞ்சினை வைத்துப் படம் காட்டின. வசனம் கேட்க வேண்டும் என்பதால் எஞ்சின் கொட்டகைக்கு வெளியே தள்ளி நின்றது. திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபெல் குறையும். இரைச்சலுக்கு அஞ்சித் தள்ளி வைத்ததால் புகையும் தள்ளியே போயிற்று.

கடலூர் மாவட்டத்தில்

சேத்தியாத்தோப்புக்கு அருகிலுள்ள நெய்வேலியில் 1962 முதல் அனல்மின் உற்பத்தி நடைபெறுகிறது. ஆயினும் இவ்வட்டாரத்தில் ஜெனரேட்டரின் தேவை தீரவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் பல நாள் இருளில் கிடந்தன. குடிநீர்த் தொட்டிகளுக்கு நீரேற்ற ஜெனரேட்டர்களே உதவின. 2012ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் கடைவாசல்தோறும் அவை ஒலித்தன.

சட்டமும் நுட்பமும்

பெட்ரோல், மண்ணெண்ணெய் ஜெனரேட்டர்களுக்கான ஒலித்திறன் வரம்பை இந்திய அரசு 2003 செப்டம்பர் முதல் 86 டெசிபெல் ஆக்கியது. 2005 ஜனவரி முதல் தயாராகும் டீசல் ஜெனரேட்டர்கள், 1,000 கேவிஏ திறன் வரை, கூண்டிலிருந்து 1 மீட்டரில் 75 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்றும் விதிக்கப்பட்டது.

சாதாரணச் சிறு ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தர நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழன்றாக வேண்டும். இன்வெர்ட்டர் வகையோ மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி மீண்டும் மாற்றித் தருவதால், சுமை குறையும்போது எஞ்சினும் மெதுவாகிறது, ஓசையும் தணிகிறது.

தேர்வும் எச்சரிக்கையும்

கேரவனுக்கு வாங்குவோர் எல்லாக் கருவிகளின் வாட் அளவையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஏசி, மோட்டார் போன்றவை தொடங்கும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும்; அதற்கும் இடம் விட வேண்டும். அதிர்வைத் தணிக்க ரப்பர் பட்டைகள் உதவும். ஓசைக்காகப் பெட்டியிட்டு மூடினால் எஞ்சின் சூடேறும்.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனில் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்ததே காரணம் எனக் கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வு காட்டியது. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ஜெனரேட்டர் எவ்வளவு அமைதியாக ஓடினாலும் புகை நின்றுவிடுவதில்லை. ஆகவே அது கதவு, சன்னல்களுக்கு அப்பால், திறந்த வெளியில்தான் நிற்க வேண்டும். டூரிங் டாக்கீஸ் காலத்து இடைவெளி இன்றும் தேவையானதே.