காலையில் கத்தி, மாலையில் வீடு

"சின்ன ஆப்பரேஷன்தான், காலையில் வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம்" என்று டாக்டர் சொன்னவுடன் நமக்குப் பாதிப் பயம் போய்விடுகிறது. ஆஸ்பத்திரியில் தங்க வேண்டாமென்றால் ஆபத்தும் இல்லை என்று கணக்குப் போட்டுக்கொள்கிறோம். இந்தக் கணக்கில் ஒரு பாதி சரி. ஒரு பாதி தவறு. இரண்டையும் பிரித்துக் காட்டச் சரித்திரத்தைவிடத் தகுந்த ஆசான் இல்லை.

தவறான பாதியை முதலில் பார்ப்போம். 1848ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் தேதி, இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்துக்கு அருகே வின்லேட்டன் என்ற ஊரில், ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண்ணுக்குக் கால்விரல் நகத்தை எடுக்க வேண்டியிருந்தது. அதைவிடச் சிறிய ரண சிகிச்சை வேறென்ன இருக்க முடியும்? எடின்பரோவில் டாக்டர் சிம்ப்ஸன் குளோரோபாரத்தை அறிமுகப்படுத்தி மூன்று மாதம்கூட ஆகவில்லை. வீட்டிலேயே நாற்காலியில் உட்கார வைத்து அந்த மருந்தை முகரச் செய்தார்கள். சில நிமிஷங்களுக்குள் பெண் இறந்துவிட்டாள். குளோரோபாரம் கொடுத்து நேர்ந்த மரணமென்று முதன்முதலாகப் பதிவானது அதுதான். கத்தி பட்ட இடம் சிறிதாக இருக்கலாம். மயக்கம் சிறிய விஷயமல்ல.

இனி, சரியான பாதி. கிளாஸ்கோ நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த வெளிநோயாளர் மருந்தகத்தில் ஜேம்ஸ் நிக்கோல் என்ற ரண சிகிச்சை நிபுணர் இருந்தார். 1909இல் பெல்பாஸ்ட் நகரில் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் கூடியபோது அவர் ஒரு கணக்கை வாசித்தார். பத்தாண்டுகளில் 8,988 குழந்தைகளுக்கு ஆப்பரேஷன். ஒரு குழந்தைக்கும் ஆஸ்பத்திரியில் கட்டில் கொடுக்கவில்லை! பிளவுபட்ட உதடு, குடலிறக்கம், வளைந்த பாதம் என்று பல கோளாறுகள். பாதிக் குழந்தைகளுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை.

படுக்கையில் அசையாமல் கிடந்தால்தான் புண் ஆறும் என்று பெரிய வைத்தியர்களே நம்பிய காலம் அது. நிக்கோல் கேட்ட கேள்வி எளியது: கைக்குழந்தையை எந்த நர்ஸால் அசையாமல் படுக்க வைக்க முடியும்? தாயின் மடியில் அது தானாகவே அடங்கிக் கிடக்கும். பால்குடி மறவாத பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பதே ஒரு தீங்கு என்பது அவர் கட்சி. நம் பாட்டிமார்களைக் கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் பாட்டிமார்கள் மருத்துவச் சங்கத்தில் கட்டுரை வாசிப்பதில்லையே!

ஆனால், நிக்கோல் குழந்தையைத் தாயின் கையில் கொடுத்துவிட்டுக் கைகழுவியவர் அல்லர். அவருடைய நர்ஸுகள் வீடு தேடிப் போய்க் கட்டுகளைக் கவனித்தார்கள். ஆக, சிகிச்சை அன்றே முடிந்துவிடவில்லை. வீட்டுக்கு இடம் மாறியது.

பத்தாண்டு கழித்து, 1919இல், அமெரிக்காவில் ஸூ நகரத்து டாக்டர் ரால்ப் வாட்டர்ஸ் தம் மயக்க மருந்து நிலையத்தைப் பற்றி எழுதினார். அங்கே ஆப்பரேஷன் அறைக்குப் பக்கத்தில், மயக்கம் தெளியும்வரை படுத்திருக்க ஒரு சிறு கட்டிலும் போட்டிருந்தார். 1970இல் பீனிக்ஸ் நகரில் இதற்கென்றே தனி நிலையம் எழுந்தது. இன்று கண்புரை முதல் குடலிறக்கம் வரை எத்தனையோ சிகிச்சைகள் ஒரு பகலில் முடிகின்றன.

நோயாளி கற்க வேண்டிய பாடம் இதில்தான் இருக்கிறது. வெறும் வயிற்றுடன் வரச் சொல்வது சம்பிரதாயம் அல்ல. மயக்கத்தில் வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். சாதாரணமாக ஆறு மணி நேரத்துக்கு ஆகாரம் கூடாது. தண்ணீரை இரண்டு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். டாக்டர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்லே சட்டம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை முதல் நாட்டு மருந்து வரை, சாப்பிடுவதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முழு மயக்கம் கொடுத்திருந்தால், தெளிந்துவிட்டதாகத் தோன்றினாலும் ஒரு நாள் முழுவதும் வண்டி ஓட்டக் கூடாது. பத்திரம் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அன்றிரவு உடனிருக்க விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும். நிக்கோலின் நர்ஸ் நம் வீட்டுக்கு வரப்போவதில்லை. அந்த வேலை பெரும்பாலும் மனைவியின் தலையிலோ தாயின் தலையிலோதான் விழுகிறது. ஆகவே புறப்படும்போது அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டரைக் கேளுங்கள்: எவ்வளவு ரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டும்? ஜுரம் வந்தால், சிறுநீர் பிரியாவிட்டால் என்ன செய்வது? நடுராத்திரியில் யாருக்குப் போன் செய்வது? இவற்றுக்குப் பதில் தெரிந்துகொண்ட பிறகு வண்டியில் ஏறுங்கள்.