மரச் சாளரப் புதுக்கம்

பழைய வீடுகளின் மரச் சன்னல்களைப் பெயர்த்தெறியாமல், இற்றுப்போன பாகத்தை மாத்திரம் களைந்து, புது மரம் இணைத்து மீண்டும் உபயோகத்துக்குக் கொணரும் தச்சுத் தொழிலே சாளரப் புதுக்கமாகும்; ஆலயங்களுக்குரிய ஜீர்ணோத்தாரணத்தை இல்லத்துக்குச் செய்வதென்று இதனைக் கூறலாம். சாளரத்தைக் காற்று வரும் வழியென்னும் பொருளில் காலதர் என்றும், கண்கள் பல உடைமையால் பலகணி என்றும் முன்னோர் வழங்கினர். மானின் கண்போல் துளையமைந்த காலதரைச் சிலப்பதிகாரம் பேசுகிறது. சன்னல் என்ற சொல்லோ போர்த்துகீசியர் வழி வந்தது.

கண்ணாடிச் சட்டங்கள் இரண்டு மேலுங்கீழும் நகருமாறு, அவற்றின் எடைக்கு ஈடான ஈயக் குண்டையோ இரும்புக் குண்டையோ கயிற்றில் கட்டி, உருளைமேற் செலுத்திப் பக்கச் சட்டத்தின் கூட்டுக்குள் தொங்கவிடும் சாளரம் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் பரவியது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிருஷ்ணகிரிப் பகுதியை உள்ளடக்கிய பாராமகால் கும்பினியார் வசமாகி, அவர்களுடைய அதிகாரிகளான ரீடும் மன்றோவும் இச்சீமையில் நிர்வாகம் நடத்திய பின்னரும், போச்சம்பள்ளி முதலிய ஊர்களின் வீடுகளில் அச்சாளரம் வேரூன்றவில்லை. ஒருநேரத்தில் பாதியளவே திறக்கக்கூடிய சன்னல் சித்திரை வெயிலுக்கு ஏற்காது. ஆகவே கீலில் முழுதும் திறக்கும் இரட்டைக் கதவும், நடுவே இரும்புக் கம்பிகளுமே இங்கு வழக்கமாயின.

இச்சன்னலில் முதலில் கெடுவது கீழ்ச்சட்டம். மழைநீர் கம்பியைப் பற்றி இறங்கி அதன் துளையில் தேங்க, துரு ஏறிய கம்பி பருத்து, எத்தனை உறுதியான தேக்காயினும் உள்ளிருந்தே பிளந்துவிடுகிறது; மேற்பூச்சு அதனை மறைத்திருக்கும். கத்திமுனை எளிதில் இறங்கும் இடம்வரை இற்றது, இறங்காத இடம் நல்லது என்று கண்டு, நல்ல மரத்தைச் சாய்வாக அறுத்து, அதே ஜாதி மரத்துண்டை இழையோட்டம் மாறாமல் பொருத்தி, மர ஆணி அறைந்து முடுக்குவர். சுவரோரத்துச் சுண்ணாம்புச் சாந்தைக் கொத்திவிட்டுச் சிமெண்டு பூசுவது இதில் நேரும் பெரும் பிழை. சுண்ணாம்பு ஈரத்தை வெளிவிடும். சிமெண்டோ அதனை மரத்தின்பக்கமே அடைத்துவைக்கும். பிறகு அத்தனை உழைப்பும் சில மழைக்காலங்களில் வீணாம். கரையானுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவுவது பழைய வழக்கம்.

தமிழகத்தை அடுத்த புதுச்சேரியில், 1984இல் தோன்றிய பாரம்பரியக் காப்பு அமைப்பான இன்டாக்கின் முயற்சியால், வைசியாள் வீதி முதலிய இடங்களில் வீடுகளின் தெருமுகப்புகள் பழைய வடிவிலேயே செப்பனிடப்பெற்றன. நம் வட்டாரத்திலோ, ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் ராஜாஜி பிறந்த இல்லம் அரசின் நினைவில்லமாக விளங்குகிறது. ஏனைய புராதன வீடுகளுக்கு அத்தகைய காவல் இல்லை. போச்சம்பள்ளியைச் சுற்றித் தொழிற்பேட்டைகள் பெருகப்பெருக, ஓட்டு வீடுகள் இடிக்கப்பட்டு மாடிவீடுகள் எழுகின்றன. இடிபாட்டில் கிடக்கும் சன்னலைப் புரட்டிப் பார்த்தால், நான்கு சட்டங்களில் கீழ்ச்சட்டம் ஒன்றே இற்றிருக்க, எஞ்சிய மூன்றும் உளி படுந்தோறும் கணீரென்று ஒலிப்பதைக் கேட்கலாம்.