சீல் போட்ட வீல் பேரிங்குக்குப் பராமரிப்பே வேண்டாமா? பிக்கப் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

நெடுஞ்சாலையில் 60 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் உங்கள் பிக்கப்பின் அடியிலிருந்து 'உம்ம்ம்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடுகிறது. சர்வீஸுக்கு விடும்போது சொன்னால், "டயர் சத்தம்தான் சார், தைரியமா ஓட்டுங்க" என்று பதில் வருகிறது.

அது டயராக இருக்கலாம். வீல் பேரிங்காகவும் இருக்கலாம். பேரிங்காக இருந்து, கவனிக்காமல் விட்டால் முதலில் சக்கரத்தில் ஆட்டம் வரும். பிறகு பிரேக்கும் ஏபிஎஸ்ஸும் பாதிக்கப்படும். கடைசிக் கட்டத்தில் பேரிங் இறுகிப்போகலாம், ஓடும்போதே சக்கரம் கழன்று போகவும் வாய்ப்புண்டு. அதனால் அந்தச் சத்தம் எதனுடையது என்று தெரிந்துகொள்வது நல்லது.

சீல் பேரிங் என்றால் என்ன?

பழைய முறையில் ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள் இருக்கும். குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை அவற்றைக் கழற்றி, கழுவி, புது கிரீஸ் வைத்து, நட்டை அளவாக இறுக்க வேண்டும். சரக்கு ஏற்றும் பிக்கப்கள் பலவற்றில் இன்றும் இந்த முறை உண்டு.

சீல் பேரிங்கில் தொழிற்சாலையிலேயே கிரீஸ் வைத்து, இரண்டு பக்கமும் சீல் போட்டு மூடிவிடுவார்கள். மறுபடி கிரீஸ் வைக்க வழி கிடையாது. கெட்டுப்போனால் மொத்தமாக மாற்றத்தான் வேண்டும். உங்கள் வண்டியில் இருப்பது எது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் வேறு என்றும் இருக்கலாம். சர்வீஸ் அட்டவணையில் 'வீல் பேரிங் கிரீஸ்' என்று ஒரு வேலை இருந்தால் அது பழைய முறை.

ஒரு லட்சம் கி.மீ.க்கு எத்தனை சுற்று?

265/60 ஆர்18 அளவு டயரை எடுத்துக்கொள்வோம். அதன் விட்டம் சுமார் 775 மி.மீ. ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் ஏறக்குறைய 410 முறை சுற்றும். ஒரு லட்சம் கிலோமீட்டருக்குச் சுமார் 4.1 கோடி சுற்று. இத்தனையையும் தொழிற்சாலையில் வைத்த அந்தக் கொஞ்சம் கிரீஸை வைத்துக்கொண்டே பேரிங் சமாளிக்கிறது.

ஆயுளைக் குறைப்பது எது?

முதல் காரணம் ஓவர்லோடு. பேரிங் ஆயுளைக் கணக்கிட உலகம் முழுவதும் பயன்படும் ஐஎஸ்ஓ 281 சூத்திரப்படி, பால் பேரிங்கின் ஆயுள் அதன் மீது விழும் பாரத்தின் மும்மடிக்கு எதிர் விகிதத்தில் குறையும். எளிமையாகச் சொன்னால், பாரம் இரு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும். பாரம் 20 சதவீதம் கூடினாலே ஆயுள் 58 சதவீதமாகக் குறையும். அதாவது ஒரு லட்சம் கி.மீ. ஓட வேண்டியது 58,000 கி.மீ.க்கு வந்து நிற்கும். ரோலர் பேரிங்கில் சரிவு இன்னும் சற்று அதிகம்.

பிக்கப்பில் ஏற்றும் சரக்கின் பாரம் பெரும்பாலும் பின் ஆக்சில் மீதுதான் விழுகிறது. "ஒரு ட்ரிப்தானே" என்று தினமும் ஏற்றினால் கணக்கு எங்கே போய் முடியும் என்று பாருங்கள். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவுப்படி, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தனி.

இரண்டாவது காரணம் தண்ணீர். நெடுந்தூரம் ஓடிச் சூடான ஹப் தேங்கிய மழைநீரில் இறங்கினால் சட்டென்று குளிரும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் ஓரமாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். கிரீஸோடு தண்ணீர் கலந்தால் துரு வரும். வாட்டர் வாஷில் பிரஷர் கன்னை நேராக ஹப் மீது பிடிக்கவிடாதீர்கள். ஹப் மூழ்கும் அளவு தண்ணீரில் போய் வந்திருந்தால், அடுத்த சில வாரங்களுக்குச் சத்தத்தின் மீது ஒரு காது இருக்கட்டும்.

மூன்றாவது, அழகுக்காகச் செய்யும் மாற்றங்கள். வீல் ஸ்பேசர் போட்டோ, வெளியே தள்ளி நிற்கும் அலாய் போட்டோ சக்கரத்தை வெளிப்பக்கம் நகர்த்தினால், பேரிங் மீது நெம்புகோல் போல விசை கூடும். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் செலவு பின்னால் வரும்.

சத்தம் டயரா, பேரிங்கா?

தார் சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு மாறும்போது சத்தம் மாறினால், பெரும்பாலும் டயர். சாலை மாறியும் சத்தம் அப்படியே இருந்தால் பேரிங் மீது சந்தேகப்படலாம்.

அடுத்து, காலியான அகலச் சாலையில் மிதமான வேகத்தில் மெதுவாக இடமும் வலமும் வளைத்துப் பாருங்கள். இடப்பக்கம் திரும்பும்போது வண்டியின் எடை வலப்பக்கம் சாயும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்க பேரிங்கைப் பார்க்க வேண்டும். வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் இடப்பக்கம். சில வண்டிகளில் இந்தச் சோதனை ஏமாற்றும் என்பதால், தூக்கிப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

தூக்கிப் பார்ப்பது எப்படி?

சமதரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கியபின் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால், இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பெரும்பாலும் பேரிங். நிற்கவில்லை என்றால் பால் ஜாயின்ட் போன்ற மற்ற பாகங்களைப் பார்க்க வேண்டும்.

பிறகு ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மறு கையை சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மீது வையுங்கள். நற நற என்று கையில் அதிர்வு தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஆட்டமே இல்லாமல் சத்தம் மட்டும் வரும் கட்டமும் உண்டு. அதுவும் மாற்ற வேண்டிய கட்டம்தான்.

மாற்றும்போது எங்கே தவறு நடக்கிறது?

சீல் பேரிங்கில் இரண்டு வகை பொதுவாக வரும். ஒன்று ஹப்போடு சேர்ந்தே வரும், போல்ட் கழற்றி மாட்டிவிடலாம். இன்னொன்றை ஹைட்ராலிக் பிரஸ் கொண்டு அழுத்தித்தான் பொருத்த வேண்டும். சுத்தியலால் அடித்து இறக்கினால் விசை உள்ளே இருக்கும் குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் பாதையில் நுண்ணிய பள்ளம் விழும். சில ஆயிரம் கிலோமீட்டரில் புது பேரிங்கும் ஊளையிடத் தொடங்கும். "பார்ட் சரியில்லை" என்பார்கள். பொருத்திய விதம் சரியாக இருந்திருக்காது.

அடுத்த தவறு ஆக்சில் நட். இதை இம்பாக்ட் கன்னால் 'டர்ர்' என்று இறுக்கி விட்டுவிடக் கூடாது. சர்வீஸ் மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். அதிகமானால் பேரிங் சூடாகும், குறைந்தால் ஆடும். நட்டை இறுக்கி முடிக்கும்வரை வண்டியின் எடையை அந்தச் சக்கரத்தில் இறக்கவும் கூடாது.

மூன்றாவது ஏபிஎஸ். பல பேரிங்குகளில் ஒரு பக்கத்தில் காந்த வளையம் இருக்கும், அது சென்சாரைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஏபிஎஸ் விளக்கு அணையாது, மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டிவரும்.

வண்டியை விடும் முன் கேட்க வேண்டியவை

- பிரஸ் மெஷின் இருக்கிறதா, வெளியே கொடுத்துப் பொருத்துகிறீர்களா?
- ஆக்சில் நட் புதிதாகப் போடுவீர்களா? டார்க் ரெஞ்ச் வைத்திருக்கிறீர்களா?
- பார்ட் எந்த பிராண்ட்? பில்லில் பார்ட் நம்பர் வருமா?
- பழைய பேரிங்கைக் கையில் தருவீர்களா?

பேரிங் சந்தையில் போலிகள் அதிகம். டப்பாவைப் பிரிக்கும் முன் பாருங்கள். எஸ்கேஎஃப், ஷேஃப்ளர் போன்ற நிறுவனங்கள் பார்ட் அசலா என்று சரிபார்க்கத் தனி ஆப்களே வைத்திருக்கின்றன.

ஒரு பக்கம் கெட்டால் மறுபக்கத்தையும் மாற்றியே ஆக வேண்டுமா? கட்டாயம் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே தூரம் ஓடியவை. மறுபக்கத்தையும் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றிய தேதியையும் ஓடோமீட்டர் எண்ணையும் போனில் குறித்து வையுங்கள். அடுத்த முறை யாராவது "டயர் சத்தம்தான் சார்" என்று சொன்னால், அந்தக் குறிப்பைக் காட்டி மேற்கொண்டு கேட்கலாம்.